புதர்ப் பூச்சியும் மூளைக் காய்ச்சலும்

நம் கிராமங்களில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டு, ஏழெட்டு நாள் சென்றபின் அவர் பிதற்றத் தொடங்கினால், "ஜன்னி கண்டுவிட்டது" என்பார்கள். சற்றுப் படித்தவர்கள் "மூளைக் காய்ச்சல்" என்பார்கள். இவ்விரண்டில் எதுவும் நோயின் பெயரன்று. நோய் எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதை மட்டுமே அவை சொல்கின்றன. பயிர் வாடுகிறது என்றால், தண்ணீர் இல்லாமல் வாடுகிறதா, வேரில் புழு விழுந்து வாடுகிறதா என்று பார்த்தல்லவா குடியானவர் பரிகாரம் தேடுகிறார்? மூளையைத் தாக்கும் கிருமிகளும் பல வகையின. அவற்றுள் எது என்று தெரியாமல் செய்யும் வைத்தியம், வேர்ப்புழு விழுந்த வயலுக்கு மேலும் மேலும் தண்ணீர் பாய்ச்சுவதைப் போன்றதே.

1955ஆம் ஆண்டில் வட ஆற்காடு மாவட்டத்து வேலூரில்தான், ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்னும் வியாதி மனிதருக்குக் கண்டிருப்பது இந்தியாவில் முதன்முதலாக அறியப்பட்டது. பன்றியிடமிருந்தும் நீர்ப்பறவைகளிடமிருந்தும் கொசுவின் வாயிலாக மனிதருக்கு வரும் வைரஸ் நோய் அது. தடுப்பூசி உண்டே தவிர, வந்தபின் அந்த வைரஸை அழிக்கும் மருந்து இன்றுவரை இல்லை. இதனாலேயே மூளைக் காய்ச்சல் என்றால் கொசு, கொசு என்றால் விதி என்ற எண்ணம் மக்களிடம் ஊன்றிவிட்டது. ஆனால் விலங்குகளை ஒட்டி வாழும் பாக்டீரியாக்களாலும் மூளைக்கு நோய் வருகிறது. அவற்றுக்கு மருந்து உண்டு. காலத்தில் கண்டுகொண்டால் பெரும்பாலோரைக் காப்பாற்றிவிடலாம். அத்தகைய நோய்களுள் நம் மாநிலத்துக் குடியானவர்கள் முக்கியமாக அறிய வேண்டியது, 'ஸ்க்ரப் டைபஸ்' என்று டாக்டர்களும் 'உண்ணிக் காய்ச்சல்' என்று பொதுமக்களும் சொல்லும் நோயாகும்.

இதை எழுத நேர்ந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். 2022ஆம் ஆண்டு கார்த்திகை மாதம், நமது வட்டாரத்தில் மலையடிவாரத்து ஊர் ஒன்றில், இரண்டு கறவை மாடுகளை வைத்துக் குடும்பம் நடத்தும் ஒரு அம்மாளுக்குக் காய்ச்சல் கண்டது. ஏரிக்கரையிலும் ஓடையோரத்திலும் புல்லறுத்துக் கட்டுக் கட்டித் தலையில் சுமந்து வருவது அவர் அன்றாட வேலை. அருகிலிருந்த டவுனில் ஒரு தனியார் மருத்துவரிடம் காட்டினார்கள். 'டைபாய்டு' என்று சொல்லி ஊசி போட்டு, குளுக்கோஸும் ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கவில்லை; தலைவலி மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. ஒன்பதாம் நாள் பெற்ற மகனை அடையாளம் தெரியவில்லை. "மாட்டை அவிழ், மாட்டை அவிழ்" என்று ஓயாமல் பிதற்றினார். அதன் பிறகே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள்.

அங்கே இருந்த டாக்டர், முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்றார். கணவரும் அவர் தம்பியும் இணங்கவில்லை. முதுகில் ஊசி குத்தினால் கால் இரண்டும் விளங்காமல் போய்விடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த வார்டின் உறுப்பினர், ஒரு பெண்மணி, இரவு எட்டு மணிக்கு நம்மைத் தொலைபேசியில் அழைத்து, "நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அண்ணன் கேட்பார் ஐயா" என்றார். ஒளிக்காமல் சொல்ல வேண்டுமானால், பட்டப்படிப்புப் படித்த நமக்கும் அந்தப் பயம் உள்ளூர இருந்தது. "டாக்டர் சொன்னபடி செய்யுங்கள்" என்று பட்டும் படாமலும் சொல்லி வைத்துவிட்டோம். அப்படிச் சொன்ன வார்த்தைக்கு என்ன மதிப்பு இருக்கும்? ஒன்றரை நாள் வீணாயிற்று.

மறுநாள் மாலை, துணி மாற்றிய நர்ஸ் ஒருவர், அந்த அம்மாளின் இடுப்பில் பாவாடை நாடா அழுந்தும் இடத்தில், பீடி நெருப்பால் சுட்டதுபோல் கறுத்த ஒரு பொருக்கைக் கண்டு டாக்டரை அழைத்துக் காட்டினார். அந்தப் பொருக்குதான் நோயின் பெயரைச் சொல்லிற்று. உரிய மருந்தை அன்றிரவே தொடங்கினார்கள். இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. நாலாம் நாள் ஆட்களை அடையாளம் கண்டார். ஒரு காது மட்டும் பல வாரங்கள் மந்தமாக இருந்து, பிறகு தெளிந்தது. அவர் பிழைத்தார், ஆனால் அந்த ஒன்றரை நாளில் அவர் பிழைக்காமல் போயிருக்கவும் கூடும் என்று டாக்டர் பிற்பாடு நம்மிடம் சொன்னார்.

இந்நோயின் கிருமிக்கு 'ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி' என்று பெயர். ஜப்பானிய மொழியில் சுட்சுகா என்றால் தீங்கு, முஷி என்றால் பூச்சி. அங்கே ஆற்றங்கரை நிலங்களில் பயிரிட்ட குடியானவர்களை இது வாட்டியதால் அப்பெயர் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பர்மா, அஸ்ஸாம் காடுகளில் முகாமிட்ட படைவீரர்கள் ஆயிரக்கணக்கில் இந்நோய்க்கு ஆளானார்கள். அக்காலத்தில் நேரான மருந்து கிடையாது. 1948இல் மலேயாவில் குளோரம்பெனிகால் என்னும் மருந்து இதற்குப் பலிப்பது கண்டறியப்பட்ட பின்னரே வைத்தியம் என்று சொல்லத்தக்க ஒன்று ஏற்பட்டது.

'உண்ணிக் காய்ச்சல்' என்ற பெயரால் ஒரு தவறான எண்ணமும் பரவியிருக்கிறது. மாட்டின் மடியிலும் நாயின் காதிலும் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடித்துப் பருக்கும் உண்ணி இந்நோயைப் பரப்புவதில்லை. இதைப் பரப்புவது புல்லிலும் புதரிலும் வாழும், செள்ளினும் சிறிய, சிவந்த நிறமுடைய ஒரு பூச்சியின் குஞ்சு. நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். கண்ணுக்கு எளிதில் தென்படாது. வளர்ந்த பூச்சி மண்ணில் இருந்துகொள்ளும், யாரையும் கடிக்காது. குஞ்சு மட்டும் தன் ஆயுளில் ஒரே ஒரு முறை புல் நுனிக்கு ஏறி வந்து, அவ்வழியே போகும் எலி, பெருச்சாளி, மூஞ்சூறு போன்ற பிராணிகளின் மேல் தொற்றி உணவு கொள்ளும். புல்லறுப்பவரும், விறகு பொறுக்குபவரும், ஆடு மேய்ப்பவரும், புதர் மறைவில் ஒதுங்குபவரும் அந்த வழியில் போனால் அவர்கள் மேலும் ஏறும். உடையின் விளிம்புவரை ஊர்ந்து சென்று, ஆடை இறுக்கும் இடத்தில் நிற்கும். கடித்தது வலிக்காது, பெரும்பாலோருக்குக் கடிபட்டதே தெரியாது.

இக்கிருமி தாய்ப்பூச்சியின் முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்கும் செல்கிறது. ஆகையால் எலிகளை மட்டும் ஒழித்துவிட்டால் நோய் போய்விடும் என்று நினைப்பது பிசகு. புதரும் எலியும் சேர்ந்தே போக வேண்டும். நோய் ஒரு மனிதரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. எனவே நோயாளியை ஒதுக்கி வைப்பதும், வீட்டு நாயை விரட்டுவதும், மாட்டை விற்பதும் வேண்டாத காரியங்கள்.

கடிபட்டு ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரத்துக்குள், பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு நாளில், காய்ச்சல் தொடங்கும். கடுந்தலைவலி, உடல்வலி, வாந்தி, வறட்டு இருமல், கழுத்திலும் அக்குளிலும் நெறிகட்டுதல் ஆகியவை உடன் வரும். இந்நிலையில் டெங்கு, டைபாய்டு, மலேரியா எதனோடும் மயங்கத்தக்கதாகவே இருக்கும். நம் மாநிலத்தில் இது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மிகுந்து மாசி மாதம் வரை நீடிக்கிறது. கிருமி சிறு இரத்தக் குழாய்களின் உட்சுவரைத் தாக்குவதால், கவனிக்காமல் விட்டால் இரண்டாவது வாரத்தில் நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், மூளை ஆகிய எதையும் பற்றும். மூளையையோ அதை மூடியுள்ள சவ்வுகளையோ பற்றிவிட்டால் கழுத்து விறைக்கும், வெளிச்சம் பார்க்கக் கண் கூசும், பேச்சுக் குழறும், வலிப்பு வரும், உறக்கம் போன்ற மயக்கம் வரும். திடீரென்று காது மந்தமாவதும் இந்நோயில் உண்டு. காய்ச்சலுடன் காதும் கேட்காமல் போனால், அதை டாக்டரிடம் சொல்ல மறக்கக் கூடாது.

நோயை அறியும் வழிகளில் முதலாவது, காசு பணம் செலவாகாதது. உடல் முழுவதையும் பார்ப்பதே அது. மேலே சொன்ன கரும்பொருக்கு எல்லா நோயாளிக்கும் இருப்பதில்லை. இருந்தாலும் அது பார்வைக்குப் படும் இடத்தில் இருப்பதில்லை. அக்குள், தொடை இடுக்கு, மார்பின் கீழ்ப்புறம், அரைஞாண் கயிறும் பாவாடை நாடாவும் படும் இடம், காதின் பின்புறம், பிறப்புறுப்பின் அருகே எனக் கூச்சத்தால் மறைக்கப்படும் இடங்களிலேயே அது இருக்கும். வலி இல்லாததால் நோயாளியும் சொல்லமாட்டார். கூட்டம் மிகுந்த நேரத்தில் ஆண் டாக்டர் ஒருவர் நம் பெண்களிடம் இதைக் கேட்கத் தயங்குவார். பெண்களும் காட்டத் தயங்குவார்கள். ஆகவே காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டினால், வீட்டிலுள்ள பெண்ணொருவரே குளிப்பாட்டும் சாக்கில் உடம்பைப் பார்த்து, கறுத்த பொருக்கு எங்கேனும் இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். இந்த ஒரு தகவல் ஆயிரம் ரூபாய்ப் பரிசோதனைக்கு ஈடாகும்.

இரண்டாவது, இரத்தப் பரிசோதனை. 'எலிசா' முறையில் இக்கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைக் காண்பார்கள். காய்ச்சலின் முதல் சில நாட்களில் அப்பொருள் இரத்தத்தில் போதிய அளவு சேர்ந்திராது. அப்போது பரிசோதனை 'இல்லை' என்று காட்டினால் நோய் இல்லை என்று பொருளாகாது. 'வீல்-ஃபீலிக்ஸ்' என்ற நூறாண்டுக்கும் மேற்பட்ட பழைய பரிசோதனையும் சிறு ஆய்வுக் கூடங்களில் செய்யப்படுவதுண்டு. அதை முழுவதும் நம்புவதற்கில்லை. பொருக்கின் துணுக்கையோ இரத்தத்தையோ எடுத்துக் கிருமியின் மரபுப் பொருளையே தேடும் பரிசோதனை பெரிய மருத்துவமனைகளில் உண்டு. நல்ல டாக்டர்கள் இவற்றின் முடிவு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருப்பதில்லை. சந்தேகம் வலுத்தால் மருந்தைத் தொடங்கிவிட்டுப் பரிசோதனையை எதிர்பார்த்திருப்பார்கள்.

மூன்றாவதுதான் எல்லோரும் அஞ்சும் முதுகு ஊசி. இதைப்பற்றிப் பின்னர் டாக்டரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சற்று விரித்தே சொல்கிறோம். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றித் தெளிந்த நீர் ஒன்று இருக்கிறது. மூளைக்குள் என்ன கிருமி புகுந்திருக்கிறது என்பதை அறிய அந்த நீரே சாட்சி. வளர்ந்த மனிதருக்குத் தண்டுவடம் இடுப்பு முள்ளெலும்புகளில் முதலாவது, இரண்டாவது எலும்புகளின் அளவிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி செலுத்தப்படுவதோ அதற்குக் கீழே, மூன்றாவது, நான்காவது எலும்புகளை ஒட்டிய இடைவெளியில். அங்கே தண்டுவடம் இல்லை. நரம்பு இழைகள் நீரில் நூல்போல் மிதந்துகொண்டிருக்கின்றன. ஊசி பட்டால் விலகிக்கொள்ளும். எடுக்கப்படும் நீர் ஓரிரு தேக்கரண்டி அளவு. நம் உடல் நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் நீரைப் புதிதாக ஊறவைக்கிறது. சிலருக்கு ஓரிரு நாள் தலைவலி இருக்கலாம். மூளைக்குள் அழுத்தம் மிகுந்திருக்கும் என்று தோன்றினாலோ, இரத்தம் உறைவதில் குறை இருந்தாலோ, டாக்டர்களே அதைச் சோதித்துவிட்டுத்தான் ஊசியைப் பற்றி யோசிப்பார்கள். இந்நோயாளிகளில் சிலருக்குப் பின்னர் கை கால் விளங்காமல் போவதுண்டு; அது நோயின் விளைவு. பழி ஊசியின் மேல் விழுந்துவிடுகிறது.

அந்த நீரைப் பார்த்து என்ன அறியலாம்? சீழ் உண்டாக்கும் சாதாரணக் கிருமிகளானால் நீர் கலங்கியிருக்கும். அதிலுள்ள சர்க்கரை மிகக் குறைந்திருக்கும். உண்ணிக் காய்ச்சலில் நீர் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும், வெள்ளணுக்கள் மிதமாகக் கூடியிருக்கும், புரதம் உயர்ந்திருக்கும், சர்க்கரை அவ்வளவாகக் குறையாது. காசநோய் மூளையைப் பற்றினாலும் ஏறக்குறைய இப்படித்தான் தோன்றும். ஆனால் அதில் சர்க்கரை இன்னும் குறையும், காய்ச்சலும் தலைவலியும் வாரக்கணக்கில் மெல்ல மெல்ல முற்றியிருக்கும். இந்த மயக்கம் சிறியதன்று. ஒன்றுக்கு வைத்தியம் ஒரு வாரம்; மற்றதற்கு ஒன்பது மாதம் முதல் ஓராண்டு. ஆகவே காய்ச்சல் கண்ட தேதி, புல்லறுக்கப் போனது, வயலில் எலி மிகுந்திருந்தது, மாடு கன்று வீசியது முதலியவற்றை உறவினர்கள் ஒன்றுவிடாமல் சொல்வது டாக்டருக்குப் பேருதவியாகும்.

மருந்து விஷயத்தில் ஒரு நுட்பம் உண்டு. இக்கிருமி நம் உடலின் உயிரணுக்களுக்கு உள்ளேயே புகுந்து வாழ்வது. பென்சிலினும், மூளைச்சவ்வு நோய்க்கு வழக்கமாகப் போடும் செஃப்ட்ரியாக்சோனும் இதனிடம் பலிப்பதில்லை. வேலூர் அம்மாளோ வேறெவரோ, விலையுயர்ந்த ஊசிகளை ஒரு வாரம் போட்டும் இறங்காத காய்ச்சல் என்றால் இந்நோயை நினைக்க வேண்டும். இதற்குரியது டாக்சிசைக்ளின், விலை குறைந்த, பழகிய மருந்து. நோய் முற்றாத நிலையில் பெரியவர்களுக்கு 100 மில்லிகிராம் வீதம் காலையும் மாலையும், சாதாரணமாக ஏழு நாள் கொடுக்கிறார்கள். மாத்திரையை நிறையத் தண்ணீருடன் விழுங்கி, சிறிது நேரம் படுக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாயில் புண்ணாகும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் தருவார்கள். குழந்தைகளின் பல்லில் கறை ஏறும் என்று டாக்சிசைக்ளினை முன்பு ஒதுக்கி வைத்திருந்தார்கள். சில நாள் கொடுப்பதால் அப்படி ஆவதில்லை என்று இன்று தெளிந்திருக்கிறது. காய்ச்சல் என்றதும் கடையில் வாங்கி விழுங்குவதற்காக இதைச் சொல்லவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்தபின் பாதியில் நிறுத்தாதிருப்பதற்காகச் சொல்கிறோம்.

மூளையோ நுரையீரலோ பாதிக்கப்பட்டவர்களுக்கு மாத்திரை போதாது. இரத்தக் குழாய் வழியே மருந்து செலுத்த வேண்டும். இதைப்பற்றி வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் முன்னின்று, இந்தியாவில் ஏழு மருத்துவமனைகளில் 800க்குச் சற்றுக் குறைவான கடும் நோயாளிகளிடம் நடத்திய ஆராய்ச்சி 2023இல் வெளிவந்தது. டாக்சிசைக்ளின் மட்டும், அசித்ரோமைசின் மட்டும், இரண்டும் சேர்த்து என மூன்று பிரிவாகக் கொடுத்துப் பார்த்தார்கள். இறப்பு, ஐந்தாம் நாளிலும் விடாத காய்ச்சல், ஏழாம் நாளிலும் தீராத உறுப்புக் கோளாறு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள், தனித்தனி மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 47, 48 பேர்; இரண்டும் பெற்றவர்களில் 33 பேர். இது பெரிய முன்னேற்றமே. ஆயினும் இறப்பை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், மூன்று பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. முற்றிய பின் எவ்வளவு நல்ல மருந்தும் ஓரளவுக்கு மேல் எட்டுவதில்லை.

காலத்தில் மருந்து கொடுப்பதன் அருமையை உத்தரப் பிரதேசத்துக் கோரக்பூரின் அனுபவமும் காட்டுகிறது. அங்கே 1978 முதல் மழைக்காலந்தோறும் குழந்தைகள் மூளைக் காய்ச்சலால் மாண்டு வந்தார்கள். ஜப்பானிய மூளைக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டபின் அந்நோய் குறைந்தது. ஆனால் மூளைக் காய்ச்சல் குறைந்தபாடில்லை. சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவல் இயல் நிறுவனத்தாரும் பிறரும் 2015, 2016ஆம் ஆண்டுகளில் ஆராய்ந்தபோது, அந்தக் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் உண்ணிக் காய்ச்சலின் அடையாளம் இரத்தத்தில் இருந்தது. அதன்பின், மூளைக்குப் போகும்வரை காத்திராமல், காய்ச்சலுடன் வரும்போதே ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தைத் தொடங்கும் முறை அங்கு வகுக்கப்பட்டது. எத்தனை ஆண்டுகள் எல்லோரும் கொசுவையே பார்த்துக்கொண்டிருந்தோம்!

இதே இனத்தைச் சேர்ந்த வேறு இரண்டு நோய்களையும் சுருக்கமாகக் குறிப்பிட வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த வயல் நீரில் வெறுங்காலுடன், அதுவும் காலில் வெட்டோ வெடிப்போ இருக்கையில் இறங்குவதால் வருவது எலிக் காய்ச்சல். கண் சிவத்தல், கெண்டைக்கால் சதையில் கடும் வலி, மஞ்சள் காமாலை ஆகியவை அதன் அறிகுறிகள். இரண்டாவது வாரத்தில் மூளைச் சவ்வில் அழற்சியும் காணலாம். இதற்குப் பென்சிலின் பலிக்கும், டாக்சிசைக்ளினும் பலிக்கும். மற்றொன்று கன்று வீச்சு நோய் எனப்படும் புருசெல்லோசிஸ். சினை மாடோ ஆடோ குறைமாதத்தில் கன்று வீசினால், நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுப்பவருக்கும், காய்ச்சாத பால் குடிப்பவருக்கும் இது வருகிறது. வாரக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சலும் இடுப்பு வலியும் இருக்கும். சிலருக்கு மூளையையும் பற்றும். அப்போது இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்து மாதக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும். 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி நான்கு முதல் எட்டு மாதம் வரையுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு இதற்கான தடுப்பூசி ஒருமுறை போடப்படுகிறது. கன்றைப் பிடித்து வரச் சோம்பிக் கால்நடை உதவியாளரைத் திருப்பி அனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறோம்.

உண்ணிக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி இல்லை. ஆகவே ஊராட்சியின் பங்கே பெரிது. வீடுகளின் பின்புறம், பள்ளி, அங்கன்வாடி, பொதுக் கழிப்பறைக்குப் போகும் வழி ஆகிய இடங்களில் புதரை ஐப்பசி மழைக்கு முன் வெட்டிவிட வேண்டும். நம் ஊர்களில் எங்கே புதர் வெட்டப்படுகிறது என்று பார்த்தால், அதிகாரிகளின் வாகனம் வரும் சாலையோரத்தில்தான். நமது வாகனத்தையும் சேர்த்தே சொல்கிறோம். பெண்கள் புல்லறுக்கும் ஓடைக்கரையை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. எலியை இழுக்கும் குப்பைமேடும், சுவரோடு சேர்த்துக் குவித்த விறகும் வைக்கோலும் அகல வேண்டும். புல்லறுக்கப் போகிறவர்கள் முழுக்கை உடுப்பு அணிவதும், புல்தரையில் வெறுமனே படுக்காமலும் உட்காராமலும் இருப்பதும், துணிகளைப் புதரின் மேல் உலர்த்தாதிருப்பதும் நல்லது. வீடு திரும்பியதும் சோப்பிட்டுத் தேய்த்துக் குளித்து உடையை மாற்றினால், ஊர்ந்துகொண்டிருக்கும் பூச்சி கடிக்குமுன்பே போய்விடும்.

ஒரே தெருவில் இரண்டு பேருக்கு ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல் என்றால், வார்டு உறுப்பினர் அன்றே கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தெரிவிக்கலாம். நாமும் அதை எதிர்பார்க்கிறோம். பிதற்றலோ வலிப்போ கண்டவரை உடனே 108 வண்டியில் ஏற்ற வேண்டும். வலிப்பு வரும்போது கையில் சாவியையும் இரும்பையும் திணிப்பதால் பயனில்லை. வாயில் எதையும் வைக்கவும் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, கழுத்தருகே ஆடையைத் தளர்த்தி, வலிப்பு எத்தனை நிமிஷம் நீடித்தது என்று பார்த்துக்கொண்டால் போதும்.

முன்னே சொன்ன மலையடிவாரத்து ஊரில், சென்ற புரட்டாசியில் ஏரிக்கரைப் புதரை வெட்டக் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவந்தவர் அந்த வார்டு உறுப்பினரேதான். கரையில் கிழக்குப் பாதி முடிந்திருக்கிறது. மேற்குப் பாதியில் சீமைக் கருவேல் மண்டிக் கிடக்கிறது. அதை இந்த ஆண்டு மழைக்கு முன் எடுத்துக்கொள்வதென்று முடிவாகியிருக்கிறது. அந்த அம்மாள் இப்போதும் ஓடையோரத்தில்தான் புல்லறுக்கிறார். வேறு புல் அந்த ஊரில் இல்லை.